வெயிலில் கரத்தை வண்டி இழுக்கும்போது உடம்புக்குள் எந்தத் தொகுதி வேலை செய்கிறது?

#1 புறக்கோட்டைக் கணக்கர்

மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். சமிபாட்டுத் தொகுதி, சுவாசத் தொகுதி, குருதிச் சுற்றோட்டத் தொகுதி, நரம்புத் தொகுதி என்று எதைக் கேட்டாலும் படம் கீறிப் பெயர் குறிப்பாள். நேற்று இரவு நான் வேறு விதமாகக் கேட்டேன். "நாலாம் குறுக்குத் தெருவில் நடுப்பகல் வெயிலில் மூட்டை சுமக்கும் ஒரு நாட்டாமை 50 கிலோ சீனி மூட்டைகளைக் கரத்தையில் அடுக்கி இழுத்துக்கொண்டு போகிறார். அந்த நேரம் அவருடைய உடம்பில் என்ன நடக்கிறது?" அவள், "எந்தத் தொகுதியைக் கேட்கிறீர்கள் அப்பா?" என்றாள்.

நான் அங்கே ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இந்த மனிதர்களை நாள் முழுக்கப் பார்க்கிறேன். இழுக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கழுத்து நரம்பு புடைக்கும். பெனியனும் சாரமும் தோய்ந்துவிடும். மூட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்த பிறகும் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பசியோடு பார்சலைப் பிரித்தவர்கள் இரண்டு வாயோடு தள்ளி வைத்துவிடுவார்கள். காலையில் இருந்து சிறுநீர் போகவே இல்லை என்று பின்னேரம் சிலர் சொல்வார்கள். இவையெல்லாம் ஒன்றோடொன்று தொடர்புள்ளவையா? தெரிந்தவர்கள் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரிக்காமல் தொடர்ச்சியாகச் சொல்லுங்கள். மகளுக்கும் வாசிக்கக் கொடுக்கப் போகிறேன்.

#2 வெள்ளவத்தை மாஸ்டர்

கணக்கர் ஐயா, நான் உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். தொகுதி தொகுதியாகப் பிரிக்காமல் வகுப்பில் படிப்பிக்க முடியாது, அதனால் புத்தகத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கண்டவை எல்லாமே தொடர்புள்ளவை. குருதியைப் பிடித்துக்கொண்டு போனால் எல்லாம் வரிசையாக வந்து சேரும்.

வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 5 லீற்றர் குருதி இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலீற்றரை வெளியே தள்ளும். நிமிடத்துக்குச் சுமார் 70 துடிப்பு. பெருக்கிப் பாருங்கள், 4,900 மில்லிலீற்றர். அதாவது மொத்தக் குருதியின் அளவு ஒவ்வொரு நிமிடமும் இதயத்தைக் கடந்து போகிறது. வில்லியம் ஹார்வி இதே மாதிரி ஒரு பெருக்கலைத்தான் 1628இல் செய்து காட்டினார். ஈரல் உணவில் இருந்து புதிது புதிதாகக் குருதியை உண்டாக்குகிறது, உடம்பு அதைச் செலவழித்து முடிக்கிறது என்று அதுவரை ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பியிருந்தார்கள். அரை மணித்தியாலத்தில் இதயம் தள்ளும் அளவு உடம்பில் உள்ள மொத்தக் குருதியை விட அதிகம், அப்படியானால் அதே குருதிதான் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும் என்று அவர் நிறுவினார்.

ஓய்வில் இந்த 5 லீற்றர் எப்படிப் பங்கிடப்படுகிறது? கால் பங்கு போல ஈரலுக்கும் குடலுக்கும். ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கு. மூளைக்கு 15 வீதம் அளவில். உடம்பில் உள்ள எலும்புத் தசைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே 15 முதல் 20 வீதம்தான். மிச்சம் தோல், இதயத்தின் சொந்தத் தசை முதலியவற்றுக்கு.

இப்போது அவர் கரத்தையின் கைபிடியைப் பிடித்து முதல் எட்டு வைக்கிறார். தொடையும் கெண்டைக்காலும் முதுகும் சுருங்கி விரிகின்றன. தசைக் கலங்கள் ஒட்சிசனை வேகமாக எடுக்கின்றன. காபனீரொட்சைட்டும் அமிலமும் வெப்பமும் அங்கே சேர்கின்றன. அந்தக் கழிவுகள் பட்டவுடன் பக்கத்தில் உள்ள நுண்ணிய நாடிகளின் சுவர் தளர்ந்து விரிகிறது. இதற்கு மேலிடத்து உத்தரவு தேவையில்லை. வேலை நடக்கும் இடமே தனக்கு வேண்டிய குருதியைத் திறந்து எடுக்கிறது. அதே நேரம், உடம்பை உழைப்புக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் குடலுக்கும் சிறுநீரகங்களுக்கும் போகும் நாடிகளை இறுக்குகின்றன, இதயத்தை விரைவுபடுத்துகின்றன. கடும் உழைப்பில் இதயம் நிமிடத்துக்கு 20 லீற்றருக்கு மேல் தள்ளும். அதில் 80 வீதம் வரை தசைக்குப் போகலாம்.

பார்சலைத் தள்ளி வைப்பதன் காரணம் இங்கே இருக்கிறது. குடலுக்குக் குருதி குறைந்துபோன நேரத்தில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். அவருக்குச் சாப்பாட்டில் வெறுப்பு இல்லை. அரை மணித்தியாலம் நிழலில் இருந்துவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள், இறங்கும்.

கழுத்தில் புடைப்பது நரம்பு அல்ல, நாளம். மூச்சைப் பிடித்து முக்கி இழுக்கும்போது நெஞ்சறைக்குள் அழுத்தம் ஏறும். தலையில் இருந்து இதயத்துக்குத் திரும்ப வேண்டிய குருதி வாசலில் தடைப்பட்டு அந்த நாளங்கள் வீங்கித் தெரிகின்றன.

வெப்பத்தின் கதை இதை விடப் பெரிது. அடுத்த பதிவில் எழுதுகிறேன், இப்போது மருந்து எடுக்கும் நேரம்.

#3 பம்பலப்பிட்டி மாணவி

மாஸ்டர், நான் உயர்தரம் உயிரியல் பிரிவு. ஒரு சந்தேகம். இறக்கி வைத்த பிறகும் மூச்சு வாங்குவது ஒட்சிசன் குறைந்துவிட்டதாலா? ரியூசன் சேர் அப்படித்தான் சொன்னார்.

#4 வெள்ளவத்தை மாஸ்டர்

பிள்ளை, ஒரு சோதனை செய்து பார். கதிரையில் இருந்தபடி மூச்சைப் பிடி. கொஞ்ச நேரத்தில் தாங்க முடியாத ஒரு உந்துதல் வரும். அந்த நேரம் உன் குருதியில் ஒட்சிசன் இன்னும் போதுமான அளவு இருக்கும். ஏறியிருப்பது காபனீரொட்சைட்டு. மூளையின் அடிப்பகுதியில் உள்ள உணர்விகள் அந்த ஏற்றத்தை, அதாவது அமிலத் தன்மையின் கூடுதலை, உடனே பிடித்துக்கொள்கின்றன. நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் இடையில் உள்ள பிரிமென்றகட்டுக்கும் விலா என்புகளுக்கு இடைப்பட்ட தசைகளுக்கும் கட்டளை போகிறது.

ஆனால் சாதாரண உழைப்பின்போது இதை விட வியப்பான ஒன்று நடக்கிறது. கரத்தை நகரத் தொடங்கிய அந்தக் கணமே மூச்சு கூடிவிடும். காபனீரொட்சைட்டு ஏறி, அதை மூளை அறிந்து, அதற்குப் பிறகு கூடுவதல்ல. தசைக்குக் கட்டளை அனுப்பும் மூளைப் பகுதியே சுவாசத்துக்கும் செய்தி அனுப்புகிறது. மூட்டுகளில் இருந்தும் தசைகளில் இருந்தும் "அசைகிறோம்" என்ற செய்தி வருகிறது. அதனால் நடுத்தர உழைப்பில் நாடிக் குருதியின் ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் ஓய்வில் இருந்த அளவிலேயே ஏறக்குறைய நிற்கின்றன. இதைப் படிப்பிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

நுரையீரலில் கையிருப்பும் நிறைய. காற்று நிறையும் சிற்றறைகள் 30 கோடிக்கு மேல். எல்லாவற்றையும் விரித்தால் சுமார் 70 சதுர மீற்றர். ஓய்வில் ஒரு செங்குழியம் நுரையீரலின் மயிர்த்துளைக்குழாயைக் கடக்க முக்கால் செக்கன் எடுக்கிறது, அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே ஒட்சிசனை ஏற்றிக்கொண்டுவிடுகிறது. குருதி வேகமாக ஓடும்போது அந்த மிச்ச நேரம்தான் உதவுகிறது. நல்ல ஆரோக்கியமான ஒருவருக்கு உழைப்பில் முட்டுக்கட்டையாக வருவது பெரும்பாலும் இதயம் தள்ளக்கூடிய அளவுதான், நுரையீரல் அல்ல.

நின்ற பிறகும் ஏன் வாங்குகிறது என்றால், தசைக்குள் செலவான இருப்பை மீண்டும் நிரப்ப வேண்டும், சேர்ந்த அமிலத்தைச் சரிசெய்ய வேண்டும், அதிரினலின் இன்னும் குருதியில் ஓடுகிறது, உடம்பும் சூடாக இருக்கிறது. சூடான உடம்பு ஓய்விலும் கூடுதலாக ஒட்சிசனைச் செலவழிக்கும்.

#5 கொச்சிக்கடை மைந்தன்

என் அப்பா நாட்டாமையாக உழைத்துத்தான் எங்களைப் படிப்பித்தார். அதனால் இந்த இழையை விட்டுப் போக மனம் வரவில்லை.

மாஸ்டர் எழுதியது எல்லாம் சரி. ஆனால் கடைசியில் எல்லாம் மூளையில்தானே வந்து முடிகிறது? இதயத்துக்குக் கட்டளை, மூச்சுக்குக் கட்டளை, நாடியை இறுக்கக் கட்டளை. மூளை தலைவர், மற்றவை எல்லாம் வேலையாட்கள் என்று பிள்ளைக்குச் சொன்னால் இலகுவாக விளங்குமே.

#6 வெள்ளவத்தை மாஸ்டர்

இலகுவாக விளங்கும் தம்பி, ஆனால் பிழையாக விளங்கும். 1902இல் லண்டன் யுனிவர்சிற்றி கொலிஜில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் செய்த ஒரு பரிசோதனையைப் பாருங்கள். இரைப்பையில் இருந்து அமிலம் சிறுகுடலுக்குள் இறங்கியவுடன் சதையி தன் சாற்றைச் சுரக்கிறது. இது நரம்பின் வேலை என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அவர்கள் ஒரு நாயின் சிறுகுடல் துண்டு ஒன்றுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் அகற்றிவிட்டு அதற்குள் அமிலத்தை விட்டார்கள். சதையி அப்போதும் சுரந்தது. குடற்சுவர் குருதிக்குள் ஒரு பொருளை விடுகிறது, அது சுற்றி வந்து சதையியை எழுப்புகிறது. செக்கிரிற்றின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஓமோன் என்ற கருத்தே அங்கிருந்துதான் வளர்ந்தது.

இதயத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். நரம்புகளைத் துண்டித்தாலும் அது துடிக்கும், அதன் வலது மேலறையில் உள்ள கலங்களே துடிப்பை உண்டாக்குகின்றன. மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களின் இதயம் அப்படித்தான் துடிக்கிறது. நான் முதல் பதிவில் சொன்ன தசை நாடிகளும் தாங்களாகவே விரிகின்றன. மூளைக்கு இதில் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதுவும் உடம்பின் எடையில் 2 வீதமாக இருந்துகொண்டு சக்தியில் 20 வீதத்தைக் கேட்டு வாங்கும் ஒரு உறுப்பு. குருதி சில செக்கன்கள் நின்றால் மயங்கிவிடும்.

#7 தெமட்டகொடை நேர்ஸ்

மாஸ்டர் வெப்பத்தைப் பற்றி எழுதுவேன் என்று சொல்லியிருந்தார். அந்தப் பகுதியை நான் எடுத்துக்கொள்ளவா? வோட்டில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது இது.

தசை எரிக்கும் சக்தியில் 20 முதல் 25 வீதம்தான் கரத்தையை நகர்த்தப் போகிறது. மிச்சம் எல்லாம் வெப்பம். அந்த வெப்பத்தை வெளியேற்ற முக்கிய வழி, குருதி அதைத் தோலுக்குக் கொண்டு வருவதுதான். ஆகவே தோலின் நாளங்களும் நாடிகளும் விரிகின்றன. ஐரோப்பாவின் குளிரில் வேலை செய்பவருக்குத் தோல் இவ்வளவு குருதி கேட்பதில்லை. கொழும்பில் கேட்கும். தசையும் கேட்கிறது, தோலும் கேட்கிறது, இருப்பதோ அதே 5 லீற்றர். அதிலும் வியர்த்து வியர்த்துக் குருதியின் நீர்ப்பகுதி குறைந்துகொண்டே போகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் குருதி குறைவதால் ஒரு துடிப்புக்குத் தள்ளும் அளவும் குறையும். ஈடுகட்ட அது இன்னும் வேகமாகத் துடிக்கும். அதே கரத்தை, அதே சுமை, ஆனால் காலை 7 மணிக்கு இருந்த நாடித்துடிப்பு நடுப்பகலில் இருக்காது.

வியர்வை பற்றிப் பலருக்கு ஒரு எண்ணம் இருக்கிறது, எவ்வளவு கூட வியர்க்கிறதோ அவ்வளவு உடம்பு குளிரும் என்று. வியர்வை வெளியே வந்ததால் உடம்பு குளிர்வதில்லை. அது தோலில் இருந்து ஆவியாக வேண்டும். ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் போகும். மூக்கு நுனியால் சொட்டி நிலத்தில் விழுந்த வியர்வை எந்த வெப்பத்தையும் எடுத்துப் போகவில்லை. நீரும் உப்பும்தான் நட்டம். கடலோரக் கொழும்பின் ஈரப்பதனில் அப்படிச் சொட்டுவதே அதிகம். அதே வெப்பநிலையில் அனுராதபுரத்தின் உலர்ந்த காற்றில் வியர்வை காய்ந்துவிடும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் காற்று அசையாத குறுக்குத் தெருக்களுக்குள் நிற்பவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும்.

பார்க்க வேண்டிய அறிகுறி ஒன்றைச் சொல்கிறேன். தலைசுற்று, குமட்டல், களைப்பு, நிறைய வியர்வை என்றால் நிழலுக்குக் கொண்டுபோய், கால்களைச் சற்று உயர்த்தி, குடிக்கக் கொடுங்கள். ஆனால் ஆள் தடுமாறிப் பேசினால், இடம் தெரியாமல் விழித்தால், சம்பந்தம் இல்லாமல் கோபப்பட்டால், அது வேறு. உடம்பின் உள் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டி மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிட்டது என்று எடுக்க வேண்டும். "வியர்க்கிறதுதானே, ஒன்றுமில்லை" என்று இருந்துவிடாதீர்கள்; உழைப்பால் வரும் வெப்ப அதிர்ச்சியில் பலருக்கு வியர்த்துக்கொண்டேதான் இருக்கும். உடனே 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும் வரைக்கும் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

#8 புறக்கோட்டைக் கணக்கர்

அக்கா, இந்தக் கடைசிப் பந்தியை அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டப் போகிறேன். சிங்களத்திலும் யாராவது எழுதித் தந்தால் பக்கத்துக் கடைகளுக்கும் கொடுக்கலாம்.

#9 கொச்சிக்கடை மைந்தன்

சிங்களத்தில் நான் எழுதித் தருகிறேன் அண்ணா, உள்பெட்டிக்கு அனுப்புகிறேன்.

மூளை விசயத்தில் மாஸ்டர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், செக்கிரிற்றின் கதை எனக்குப் புதிது. வேறு ஒன்று கேட்க வேண்டும். மலையகத்தில் இருந்து புதிதாக வேலைக்கு வரும் பொடியன்கள், அதிலும் நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் வளர்ந்தவர்கள், முதல் கிழமை தாங்கவே மாட்டார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து எழும்புவார்கள். அவர்களுடைய பெனியன் காய்ந்ததும் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு தெரியும், கை வைத்தால் சொரசொரவென்று இருக்கும். அப்பாவின் பெனியனில் அந்தக் கோடு அவ்வளவாக இருக்காது, வியர்த்து ஊற்றினாலும். இரண்டு கிழமை போனால் அந்தப் பொடியன்களின் கோடும் மங்கிவிடும், ஆளும் நின்று பிடிப்பான். "உடம்பு கொழும்புக்குப் பழகிட்டுது" என்பார் அப்பா. உண்மையில் என்ன பழகுகிறது?

#10 வெள்ளவத்தை மாஸ்டர்

தம்பி, நீங்கள் சொன்ன அந்த உப்புக் கோட்டை விட நல்ல செய்முறைப் பரிசோதனையை நான் எந்த ஆய்வுகூடத்திலும் காட்டியதில்லை.

வியர்வைச் சுரப்பியின் அடியில் முதலில் சுரப்பது குருதியின் நீர்ப்பகுதியைப் போலவே உப்பு நிறைந்த திரவம். அது ஒரு நுண்குழாய் வழியாகத் தோலின் மேற்பரப்புக்கு ஏறி வரும்போது, குழாயின் சுவர் சோடியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. புதிதாக வந்தவரின் சுரப்பி அதைக் குறைவாகவே எடுக்கும், அதனால் உப்பு வெளியே வந்து பெனியனில் படிகிறது. வெப்பத்தில் தொடர்ந்து வேலை செய்யும்போது அதிரினல் சுரப்பி அல்டொஸ்ரரோனைக் கூடுதலாக விடுகிறது. அந்த ஓமோன் வியர்வைச் சுரப்பியிடமும் சிறுநீரகத்திடமும் ஒரே செய்தியைத்தான் சொல்கிறது: சோடியத்தை விடாதே. உப்பு உள்ளே நின்றால் நீரும் நிற்கும். குருதியின் நீர்ப்பகுதி கூடும். வியர்வை முந்தியே தொடங்கும், அளவும் கூடும், ஆனால் உப்புக் குறைந்ததாக இருக்கும். அதே சுமைக்கு இதயத் துடிப்புக் குறையும். இதில் பெரும்பகுதி ஒரு கிழமையில் இருந்து இரண்டு கிழமைக்குள் நடந்து முடிகிறது. நீங்கள் சரியான காலத்தைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

ஒரு சின்ன இடைச்சொருகல். இது நிலைக்காது. ஊருக்குப் போய்ச் சில கிழமை குளிரில் இருந்துவிட்டு வந்தால் பழக்கம் கரைந்துவிடும். தீபாவளி, பொங்கல் முடிந்து திரும்பும் பொடியன்களுக்கு முதல் சில நாள் முழுச் சுமை கொடுக்கக் கூடாது. முதலாளிமார் இதை வாசித்தால் நல்லது.

#11 மெயின் வீதி புடவைக்கடை

நாங்கள் வெயிலில் இல்லை, ஏசிக்குள்தான் நிற்கிறோம். ஆனால் காலை முதல் இரவு வரை நின்றபடி. பின்னேரம் கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்துவிடும். இதுவும் குருதி விசயமா?

#12 தெமட்டகொடை நேர்ஸ்

ஆமாம் தங்கச்சி. காலில் இருந்து குருதி மேலே ஏற இதயம் மட்டும் போதாது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போது அதற்குள் இருக்கும் நாளங்களைப் பிழிகிறது, நாளத்துக்குள் உள்ள வால்வுகள் குருதியைக் கீழே திரும்ப விடுவதில்லை. நடந்தால் இது நடக்கும், அசையாமல் நின்றால் நடக்காது. அப்போது மயிர்த்துளைக்குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் வெளியே கசிந்து தங்கிவிடும். அந்த நீரைத் திரும்ப எடுத்து வருவது நிணநீர்க் குழாய்கள். அவற்றுக்கும் கால் அசைய வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரம் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், இரவில் காலைத் தலையணை மேல் வைத்துப் படுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் பார்த்துக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த நிணநீர்க் குழாய் அடைபட்டால் என்ன ஆகும் என்று கொழும்பின் பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். யானைக்கால் நோய்ப் புழு தங்குவது அதற்குள்தான். அழுக்குத் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு பரப்பியது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் இருந்து அதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஏற்றுக்கொண்டது.

#13 கொச்சிக்கடை மைந்தன்

சரி, குடிப்பது என்ன? எங்கள் பக்கம் எல்லோரும் தம்பிலி இளநீர்தான். அதை மிஞ்ச ஒன்றுமில்லை என்பேன். ஐஸ் தண்ணீர் வெயிலில் குடித்தால் நரம்பு இழுக்கும் என்பதும் சரிதானே?

#14 தெமட்டகொடை நேர்ஸ்

தம்பிலி நல்லது, நானும் குடிக்கிறேன். ஆனால் அதில் பொற்றாசியம்தான் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். எனவே தம்பிலியை மட்டும் நம்பிச் சாப்பிடாமல் இருக்கக் கூடாது. சோறும் கறியும் சாப்பிடுகிறவருக்கு உப்பு அதிலேயே வந்துவிடும். சாப்பாடே இறங்காமல், வாந்தியும் வயிற்றோட்டமும் சேர்ந்தால்தான் ஜீவனி, அதாவது உப்பும் குளுக்கோசும் கலந்த கரைசல். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தம்பிலி குடிக்க முன் டொக்டரைக் கேட்க வேண்டும், கூடின பொற்றாசியம் இதயத் துடிப்பைக் குழப்பும்.

குளிர்ந்த தண்ணீரால் நரம்பு இழுக்காது. தசைப் பிடிப்பு வருவது களைப்பாலும் உப்பு, நீர் இழப்பாலும். குளிர்ந்த நீர் உடம்பின் வெப்பத்தைக் கொஞ்சம் குறைக்கவே உதவும். ஒரே மூச்சில் ஒரு போத்தலை ஊற்றினால் வயிறு பிரட்டும், அவ்வளவுதான். ஆனால் நாள் முழுக்க லீற்றர் கணக்கில் வெறும் தண்ணீர் மட்டும் குடித்து உப்பே எடுக்காமல் இருப்பதும் ஆபத்து. குருதியின் சோடியம் ஐதாகித் தலையிடி, வாந்தி, வலிப்பு வரை போகலாம்.

#15 பம்பலப்பிட்டி மாணவி

ஜீவனியில் குளுக்கோசு எதற்கு அக்கா? உப்புத் தானே போகிறது? சக்திக்காகவா?

#16 வெள்ளவத்தை மாஸ்டர்

இதற்கு நான் பதில் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம்.

சக்திக்காக அல்ல பிள்ளை. சிறுகுடல் கலத்தின் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. அது சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்துத்தான் உள்ளே எடுக்கும், ஒன்றை மட்டும் தனியே எடுக்காது. இரண்டும் உள்ளே போனால் நீர் பின்னால் போகும். ரொபேர்ட் கிரேன் 1960இல் முன்வைத்த கருத்து இது. வயிற்றோட்டத்தில் குடலின் மற்ற வழிகள் குழம்பினாலும் இந்த வழி திறந்தே இருக்கும். அதனால்தான் ஊசி இல்லாமல், சேலைன் இல்லாமல், வாயால் குடிக்கும் ஒரு கரைசல் உலகம் முழுக்க எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியது. உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய அளவுப்படி ஒரு லீற்றர் நீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிராம், சோடியம் சித்திரேற்று 2.9 கிராம். சீனி கூடினால் நல்லது என்று கையால் அள்ளிப் போடக் கூடாது. குடலுக்குள் சீனி மிஞ்சினால் நீர் உள்ளே போகாமல் குடலுக்குள்ளேயே இழுபடும், வயிற்றோட்டம் கூடும்.

கணக்கர் ஐயாவின் கேள்வியில் சிறுநீர் மட்டும் மிச்சம் நிற்கிறது. சிறுநீரகங்கள் இரண்டும் ஒரு நாளில் 180 லீற்றர் வரை வடிக்கின்றன. வெளியே போவது ஒன்றரை லீற்றர் போல. மிச்சம் எல்லாம், அதாவது 99 வீதம், திருப்பி எடுக்கப்படுகிறது. வியர்வையால் குருதி ஒன்று இரண்டு வீதம் செறிவானாலே மூளையின் அடிப்பக்கத்தில் இருக்கும் பரிவகக்கீழில் உள்ள கலங்கள் அதை அறிந்துகொள்கின்றன. தாகம் வருகிறது. கபச்சுரப்பி, நீரைச் சேமிக்கச் சொல்லும் ஏ.டி.எச். ஓமோனை விடுகிறது, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகான சிறுநீரகத்தியின் கடைசிக் குழாய்கள் நீரை இன்னும் இறுக்கமாகத் திருப்பி எடுக்கின்றன. குருதி அமுக்கம் இறங்கும்போது சிறுநீரகமே இரெனின் என்ற பொருளை விடும். அந்தச் செய்தி ஈரலில் இருந்து வரும் ஒரு புரதத்தின் மேல் ஏறி, நுரையீரலின் குருதிக்குழாய்களில் உருமாறி, அதிரினலுக்குப் போய் அல்டொஸ்ரரோனாக முடிகிறது. ஒரு துளி நீரைச் சேமிக்க ஈரல், நுரையீரல், அதிரினல், சிறுநீரகம் என்று நாலு இடம் சம்பந்தப்படுகிறது. பரீட்சையில் இதை எந்தத் தொகுதியின் கீழ் எழுதுவது என்று கணக்கர் மகள் கேட்டால், கேள்வி எந்தத் தொகுதியைக் கேட்கிறதோ அதன் கீழ் எழுதச் சொல்லுங்கள். விளங்கிக்கொள்ளும்போது பிரிக்க வேண்டாம்.

சிறுநீர் போகாதது அன்றைக்கு உடம்பு சரியாகச் செய்த வேலைதான். ஆனால் நாளுக்கு நாள், வருடக் கணக்கில் குருதி குறைந்த நிலையில் சிறுநீரகத்தை வேலை வாங்குவது நல்லதல்ல. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களிடம் நீரிழிவும் பிரஷரும் இல்லாமலே சிறுநீரகம் பழுதாவதைக் கண்டிருக்கிறார்கள். நம்முடைய வடமத்திய மாகாண விவசாயிகளின் சிறுநீரக நோயிலும் வெப்பமும் நீரிழப்பும் ஆராயப்படும் காரணங்களில் அடங்கும். அங்கே ஒரே காரணம் என்று நிறுவப்படவில்லை. பின்னேரம் சிறுநீர் கடும் தேத்தண்ணீர் நிறத்தில் போனால் அன்று குடித்தது போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஓய்வெடுத்து நன்றாகக் குடித்த பிறகும் அந்த நிறம் மாறாவிட்டால், அதோடு தசையும் கடுமையாக நோகுமானால், அன்றே காட்ட வேண்டும்.

#17 புறக்கோட்டைக் கணக்கர்

மாஸ்டருக்கும் அக்காவுக்கும் மிகவும் நன்றி. கடைசியாக ஒன்று. எங்கள் கடையோடு வேலை செய்யும் ஒரு வயதான நாட்டாமைக்குப் பிரஷர். சிறுநீர் போகும் குளிசை ஒன்றும், இதயத் துடிப்பைக் குறைக்கும் குளிசை ஒன்றும் என்று சொல்கிறார். வெயில் காலத்தில் தலைசுற்றுகிறது என்று தானாகவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறார். இது சரியா?

#18 தெமட்டகொடை நேர்ஸ்

தானாக விடுவது சரியில்லை ஐயா. துடிப்பைக் குறைக்கும் குளிசையைத் திடீரென்று விட்டால் இதயம் எதிர்மாறாகத் துள்ளும், நெஞ்சு நோவு வரலாம். ஆனால் அவருக்குத் தலைசுற்றுவது பொய்யும் இல்லை. வியர்வையால் நீர் போகிறது, குளிசையாலும் போகிறது. இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டவும் மற்றக் குளிசை விடாது. இருந்து எழும்பும்போது கண் இருட்டினால் அதுதான் காரணமாக இருக்கும்.

மருந்தின் அளவை மாற்றுவதா, போடும் நேரத்தை மாற்றுவதா, வேறு மருந்து கொடுப்பதா என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கிளினிக்கில் இருக்கும் டொக்டருக்கு இவர் நடுப்பகலில் கரத்தை இழுக்கிறார் என்று தெரியாது. கேட்டால் "வியாபாரம்" என்றோ "கூலி வேலை" என்றோதான் சொல்வார்கள். அடுத்த முறை கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள். என்ன வேலை, எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரை, எப்போது தலைசுற்றுகிறது என்று ஒரு துண்டில் எழுதிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுங்கள். அதுவரைக்கும் அவருக்குக் காலை வேலையை மட்டும் கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் பேச முடியுமா பாருங்கள்.